ரெண்டாவது போர்ட்டு

அன்றைக்குக் காலையில் அந்த வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவள் அணைப்பாள் என்று அவன் நின்றான். அவன் கைக்குத்தானே கிட்டத்தில் இருக்கிறது என்று அவள் நின்றாள். பேச்சு அவ்வளவு மும்முரம்.

"இன்னிக்கே பண்ணணுமா அத? நாளைக்கு அவனுக்கு ஆபரேஷன். அது முடியட்டுமே. ஓடுற வண்டிய ஏன் போய் நோண்டுற?"

"ஓடலைங்க. நொண்டுது. அதத்தானே ஒரு வாரமாக் கத்திட்டிருக்கேன்."

"இவ்வளவு நாள் நொண்டினது இன்னும் ஒரு நாள் நொண்டாதா?"

"நொண்டுற நேரத்துல உங்க தம்பிக்கு நெஞ்சு நின்னா?"

பால் வழிந்து அடுப்பு தானாகவே அணைந்து, கேஸ் வாடை வந்த பிறகுதான் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து திருகினார்கள். மிச்சப் பாலில் டீ போட்டு, ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டு, குடைக்குள் இடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் வெளிச்சுவர் வேலை ஒன்றும் இல்லை. அதனால் தம்பி பக்கத்தில் உட்கார நேரம் கிடைத்தது. அவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே நெட்வொர்க் பார்க்கிறவள். நர்சுகள் வைத்த பெயர் நெட்டம்மா. ஆள் என்னவோ குட்டைதான், மேல் அலமாரியில் கேபிள் எடுக்க ஸ்டூல் வேண்டும்.

கொழுந்தன் நான்காவது மாடியில், ஜன்னலோரப் படுக்கையில் கிடந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாது. வேனில் பாட்டுப்பெட்டி ரிப்பேர் ஆனபோது கூட்டாளிகள், "நீயே போதும்டா, எதுக்கு வேற ரேடியோ" என்று சொன்னதில் ரேடியோ என்றே பேர் நின்றுவிட்டது. நல்லவேளையாக வண்டி நிற்கும்போதுதான் முதல் தரம் மயங்கி விழுந்தான். இதயம் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடும், பிறகு தானாக ஓடும் என்றார் டாக்டர். "ஒரு தடவை தானா ஓடலைன்னா?" என்று கேட்டான் அண்ணன். "அதுக்குத்தான் உள்ள ஒரு கருவி வைக்கப்போறோம். அது வரைக்கும் கண்ணு வாங்காமப் பாத்துக்கணும்" என்றார்.

கண் வாங்காமல் பார்ப்பது யார்? ரேடியோ கழுத்தில் தொங்கிய சின்னப் பெட்டிதான். நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் அதற்குள் போகும். அது கம்பியில்லாமல் சேதி அனுப்பும். கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டுகள் அந்தச் சேதியைப் பிடித்து, அடித்தளத்து அறையில் இருக்கும் கன்ட்ரோலர் என்கிற பெட்டிக்கு அனுப்ப, அங்கிருந்து நர்சுகள் மேசைமேல் இருக்கும் திரைப் பலகைக்குப் போகும். நெஞ்சு நின்றால் பலகை அலறும். ஒரு தரம் அலறியிருக்கிறது. பெரிய சிஸ்டர் கையிலிருந்த மருந்துத் தட்டைப் போட்டுவிட்டு ஓடியதால்தான் அவன் இன்றைக்கு உப்பில்லாத சூப்பைத் திட்டிக்கொண்டு கிடக்கிறான்.

இத்தனையும் தொங்கியது கன்ட்ரோலரின் முதல் போர்ட்டில் செருகிய ஒரே கேபிளில். அந்தப் போர்ட்டின் உள்பல் தளர்ந்துவிட்டது. பச்சை விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். அணைகிறபோதெல்லாம் நான்கு மாடியும் குருடு. நேற்று முன்தினம் பலகை வெறுமையாகிக் கிடந்தபோது நர்சுகள் படுக்கை படுக்கையாக ஓடியதை நெட்டம்மா கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்திலேயே ரெண்டாவது போர்ட்டு புதுசாக, தூசி மூடியோடு சும்மா இருக்கிறது. எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஒரு தடங்கல் சுவிட்சண்ணன். எதிர்க்கட்டிடத்தில், ஆஸ்பத்திரிக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெரிய சுவிட்சைக் கட்டி மேய்க்கிறவர். கன்ட்ரோலர் அவளுடையது, கேபிளின் மறுமுனை அவருடையது. போன வாரம் இருவருக்கும் கேன்டீனில் வைத்துப் பெரிய வாய்த்தகராறு. கேபிளில் போகிற ஒவ்வொரு சேதிக்கும் இன்ன வழிக்காரன் என்று ஒரு எண் சீட்டு ஒட்டலாம், ஒட்டாமலும் அனுப்பலாம். கன்ட்ரோலர் தன் வட்டுகளோடு பேசும் வழிக்கு அவர் கணக்கில் எண் பத்து. அவள் பழக்கம், அந்த வழிக்குப் பெட்டியில் சைபர் போடுவது. சைபர் என்றால் சீட்டு கிடையாது என்று அர்த்தம். அவர் பழக்கம் அதற்கு நேரெதிர்.

"சீட்டில்லாம எவனும் என் வாசல்ல நுழையக்கூடாது. அது என்ன சத்திரமா?" என்றார் அவர்.

"எங்க வீட்டு ஆளு எங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு எதுக்குண்ணே சீட்டு?" என்றாள் இவள்.

அதோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை நாள் குறித்தபோதும், "போர்ட்டு ரெடியா?" "ரெடி." "பத்தரைக்கு?" "சரி." அவ்வளவுதான். கோபம் தணிந்துதான் இருந்தது, ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது?

ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர்கள் இறங்கிய பிறகு பெரிய சிஸ்டர் ஏற்பாடு செய்தாள். மாற்றுகிற நேரத்தில் பலகை கொஞ்சம் இருட்டாகும், ஆகையால் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு ஆள். "ஜன்னல் பெட்டுக்கு அண்ணன்காரர் இருக்கார், அங்க நர்ஸ் வேணாம்" என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் கைபோன் ஒன்றை அவனிடம் கொடுத்தாள். அந்தப் போனும், நெட்டம்மா கையிலிருந்த இன்னொன்றும் அதே வெள்ளை வட்டுகளில் ஓடுபவைதான். அடித்தளத்தில் வேறு எந்த மொபைலுக்கும் ஒரு கோடுகூட வராது.

"கட்டில் பக்கத்துலயே இருங்க. கழுத்துப் பெட்டி ஸ்கிரீன்ல பச்சைக் கோடு குதிச்சிட்டே இருக்கணும். நிக்கிற மாதிரி இருந்தா சத்தம் போடுங்க. நடுவுல போன் கட்டாகும், உடனே வந்துடும். பதறாதீங்க" என்றாள் நெட்டம்மா.

"அண்ணி, எனக்கு வேண்டியது ஒண்ணுதான். மேல வர்றப்ப ஒரு சிட்டிகை உப்பு மடிச்சு எடுத்துட்டு வாங்க" என்றான் ரேடியோ.

"வாய மூடிக்கிட்டுப் படு. உன் வாயாலதான் நெஞ்சு களைச்சுப் போகுது."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அடித்தள அறையில் ஏசி பற்களைக் கிட்ட வைத்தது. சுவரோரம் மழைநீர் கசிந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. ரெண்டாவது போர்ட்டின் தூசி மூடியைக் கழற்றி, சுவிட்சண்ணன் இழுத்து வைத்திருந்த புதுக் கேபிளைச் செருகினாள். மடிக்கணினியைத் திறந்து கன்ட்ரோலருக்குள் போனாள். மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, பெட்டி தன் வட்டுகளோடு பேசும் வழி. மற்றது, நெஞ்சுப் பெட்டிகளும் கைபோன்களும் போகிற வழி. முதலாவதை முதலில்.

போர்ட்டு என்ற கட்டத்தில் ஒன்றை அழித்து இரண்டு என்று அடித்தாள். அதற்கடுத்த கட்டத்தில் சைபர் இருந்தது. கை அங்கே நின்றது. பாவம், நமக்காகப் புதுப் போர்ட்டைத் தயார் பண்ணியிருக்கிறார், அவர் வாசல் அவர் சட்டம், இந்தத் தடவை விட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். சைபரை அழித்துப் பத்து என்று போட்டாள். போட்டது அவளுக்கு நிறைவாகக்கூட இருந்தது. சாயங்காலம் தெரிந்துகொள்ளட்டும் மனுஷர். 'அப்ளை' என்பதை அழுத்தினாள்.

ரெண்டாவது போர்ட்டில் விளக்கு பச்சையாக எரிந்தது. திரை அப்படியே உறைந்தது.

கொஞ்சம் பொறுத்தாள். இது வழக்கம்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். கைபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேபிளைக் கழற்றிச் செருகினாள், விளக்கு சமர்த்தாக எரிந்தது. அடக் கடவுளே! விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு சொல் போகவில்லை, வரவில்லை. மாற்றிய நொடியில் புதுப் போர்ட்டில் விளக்கு எரியாவிட்டால் பழையதற்குத் திரும்பு என்று பெட்டிக்குச் சொல்லியிருந்தாள். விளக்கு எரிந்து தொலைத்ததால் அதுவும் திரும்பவில்லை. மேலே நான்கு மாடியும் இருட்டு. மேலே என்ன நடக்கிறது என்று கேட்கவும் வழியில்லை, கேட்கிற போனே இந்தப் பெட்டியின் தயவில்தான் ஓடுகிறது.

பையைக் கவிழ்த்து கன்சோல் ஒயரைத் தேடினாள். பெட்டியோடு நேராகப் பேச அது ஒன்றுதான் வழி. ஒயர் டிபன் டப்பாவின் கைப்பிடியில் சிக்கிக் கிடந்தது.

அப்போது கதவு படாரென்று திறந்தது. புருஷன். மூச்சு வாங்க நின்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? போன் செத்துப்போச்சு. கூப்பிட்டேன் கூப்பிட்டேன், வரவே இல்ல. கரண்டு கிரண்டு அடிச்சிருச்சோன்னு..."

அவன் வேலை செய்த இடத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் ஈரத்தில் கை வைத்துச் சுருண்டு விழுந்ததை அவன் பார்த்திருக்கிறான். அந்தப் பயம்.

அவள் அவனையே பார்த்தாள். "நீங்க இங்க வந்துட்டீங்க. அங்க யாரு இருக்கா?"

"நர்ஸுங்க இருக்காங்களே."

"ஜன்னல் பெட்டுக்கு நர்ஸ் கிடையாதுங்க! நீங்க இருக்கீங்கன்னுதானே விட்டாங்க! பலகை இருட்டா கிடக்கு. நின்னா யாருக்கும் தெரியாது. போங்க, ஓடுங்க!"

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. திரும்பி லிஃப்ட் பக்கம் ஓடினான். அவன் செருப்புச் சத்தம் போன கையோடு இன்னொரு செருப்புச் சத்தம். நனைந்து ஒழுகிக்கொண்டு சுவிட்சண்ணன் உள்ளே வந்தார்.

"என்னம்மா ஆச்சு? என் பக்கம் விளக்கு எரியுது, ஒண்ணும் வரல. நீ என்ன போட்ட?"

"பத்து போட்டேன்."

"பத்தா! நீ என்னிக்கும் சைபர்தானே போடுவ?"

"நீங்க என்னிக்கும் சீட்டு கேப்பீங்களே! அதான் இந்தத் தடவை..."

சுவிட்சண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் உனக்காகச் சீட்டில்லாம வந்தாத்தான் உள்ள விடுற மாதிரி மாத்தி வச்சிருக்கேன்மா. சரி, சின்னப் புள்ள கோவிச்சுக்கிச்சு, இந்த ஒரு போர்ட்டு அது இஷ்டப்படி இருக்கட்டும்னு..."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானேண்ணே!"

"நீ சொன்னியா?"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் நான்கு மாடி செத்துக் கிடந்தது. சிரிக்க நேரமில்லை. கன்சோலில் பத்தை அழித்துச் சைபர் அடித்தாள். விரல் நழுவி இரண்டு சைபர் விழுந்தது. "நிதானம்மா, நிதானம்" என்றார் அவர், தான் மட்டும் பதறாதவர் போல. திருத்தி அடித்தாள். பெட்டி ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. கூரை வட்டுகள் ஒவ்வொன்றாகப் பெட்டியைத் தேடிப்பிடித்து வந்து சேர வேண்டும். தரைத்தளம் வந்தது. முதல் மாடி வந்தது. வாளியில் தண்ணீர் சொட்டியது. "நாலு வந்துச்சா?" என்று அவர் கேட்டார். "இன்னும் இல்லண்ணே." இரண்டாவது மாடி முழுக்க வந்தது. மூன்றாவதில் பாதி வந்தது. நான்காவது வந்த அதே நொடி கைபோன் அலறியது.

பெரிய சிஸ்டர். "நெட்டம்மா, பலகை வந்துருச்சு. ஜன்னல் பெட்டு மட்டும் நேர்கோடா ஓடுது. போய்ப் பாத்தா ஆளையே காணோம். அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. எங்க போனாங்க?"

அவள் போனைக் கீழே வைத்தாளோ எறிந்தாளோ தெரியாது. படிக்கட்டில் ஏறினாள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் ஏறும், நிற்கும், அதை நம்பினால் ஆகாது. முதல் மாடி தாண்டி இரண்டாவதுக்குத் திரும்பும் இடத்தில், கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ரேடியோ உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி அங்கி வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்த ஒயர்களும் பெட்டியும் கையில் தொங்கின.

"அண்ணி! உங்களுக்கு ஒண்ணுமில்லையே? அண்ணன் பாட்டுக்குப் போனப் பாத்தான், ஒண்ணும் சொல்லாம ஓடிட்டான். திரும்பி வரவே இல்ல. அண்ணிக்கு என்னமோ ஆயிருச்சுன்னு மனசு கேக்கல, அதான் நானே போய் ஒரு எட்டு..."

வாக்கியம் பாதியில் நின்றது.

அவன் வாய் திறந்தபடி இருந்தது. கண் மேலே செருகியது. கைப்பிடியிலிருந்து கை வழுக்கியது. அவள் பாய்ந்து பிடித்தாள், இருவரும் படியோடு சரிந்தார்கள். கழுத்தில் விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. வேறு இடத்தில் வைத்தாள். ஒன்றுமில்லை.

"டேய்! பேசுடா! டேய் தம்பி, பேசுடா!"

வாயை மூடு, வாயை மூடு என்று வருஷக்கணக்காகத் திட்டியவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். மேலிருந்து பெரிய சிஸ்டர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். அவனைத் தட்டையாகப் படுக்க வைத்து, நெஞ்சில் இரு கையையும் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு. நெட்டம்மா அவன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். சிஸ்டர் மறுபடியும் அழுத்தினாள். ரேடியோவின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. நீளமாக மூச்சு இழுத்தான்.

"...வந்தேன்" என்றான்.

பெரிய சிஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டை விடவில்லை. அதற்குள் கீழேயும் மேலேயும் அலைந்துவிட்டு அண்ணன்காரன் அங்கே வந்து சேர்ந்தான். தம்பியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். பெயின்ட் படிந்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"அழுதது போதும். ஸ்ட்ரெச்சரப் புடிங்க" என்றாள் பெரிய சிஸ்டர். "என்ன குடும்பம்யா இது! அவளுக்கு என்னவோன்னு நீ ஓடுற, அதே பயத்துல அவனும் ஓடுறான், அவனுக்கு என்னவோன்னு அவ ஓடி வர்றா. ஆளாளுக்குப் பாசத்தக் கட்டிக்கிட்டு ஓடினா, இருக்க வேண்டிய இடத்துல இருக்கிறது யாரு?"

டாக்டர் வந்து பார்த்து, நாளை வரை காத்திருக்க வேண்டாம், மத்தியானமே கருவியை வைத்துவிடலாம் என்று சொல்லிப்போனார். ரேடியோவுக்குப் புதிதாக ஒயர் ஒட்டினார்கள். பலகையில் அவன் கோடு குதித்தது. குதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தரம் பலகை மொத்தமும் மங்கி, மறுபடி தெளிந்தது.

நெட்டம்மா அதைப் பார்த்துவிட்டாள். நெஞ்சுப் பெட்டிகளின் வழி இன்னும் முதல் போர்ட்டில்தான் இருந்தது. வேலை பாதிதான் முடிந்திருந்தது.

"விட்டுடும்மா" என்றான் புருஷன். குரல் உடைந்திருந்தது. "போதும். உன் காலப் புடிச்சுக் கேக்கிறேன். இன்னிக்கு இதுக்கு மேல எதையும் தொடாத."

"தொடலைன்னா தானா நின்னுடும். எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது. நான் நிறுத்தினா எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியும்." அவன் தோளில் கை வைத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. ஆனா பண்ணணும்."

பெரிய சிஸ்டர் ரேடியோவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "போ. முடிச்சுட்டு வா. நான் எழுந்திருக்க மாட்டேன்."

அடித்தளத்தில் சுவிட்சண்ணன் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை இருவரும் ஒரே மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் சுவிட்சுத் திரையையும் அதிலேயே திறந்து வைத்தார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. இந்த வழிக்கு என்ன எண்?"

"நாப்பது."

"சீட்டோடயா, சீட்டில்லாமயா?"

"சீட்டோட. உன் பக்கம்?"

"நாப்பது. சீட்டோட. போர்ட்டு ரெண்டு."

"திரும்பப் படி."

படித்தாள். அவரும் தன் பக்கத்தைப் படித்தார். கைபோனில் புருஷனைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"கட்டில் பக்கத்துல."

"போன் கட்டாகும். வரும். வரலைன்னாலும்?"

"நகர மாட்டேன். நீ செத்தாலும் நகர மாட்டேன்" என்றான். சொன்னபிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும், ஒரு விம்மல் கேட்டது.

"அது போதும். போன ஸ்கிரீன் கிட்ட வைங்க."

போனுக்குள் டிக், டிக் என்று கொழுந்தனின் இதயம் கேட்டது. அதன் பின்னாலிருந்து அவன் குரலும் கேட்டது. பேசாதே என்று டாக்டர் சொல்லிப்போன பிறகும் சிஸ்டரிடம் சூப்பைப் பற்றி என்னவோ முறையிட்டுக்கொண்டிருந்தான். நெட்டம்மா 'அப்ளை' அழுத்தினாள். முதல் போர்ட்டின் கேபிளைப் பிடித்து உருவி எடுத்தாள்.

டிக் சத்தம் நின்றது. அவன் குரலும் நின்றது.

அவள் கையில் கேபிள் தொங்கியது. வாளியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது. படிக்கட்டில் அவன் கழுத்தில் வைத்த அதே விரல்களால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கால்கள் ஓடு ஓடு என்றன. அவள் எழுந்திருக்கவில்லை.

டிக்.

"...உப்புன்னு சொன்னாலே அடிக்க வர்றாங்க" என்றது ரேடியோ. "அண்ணி, கேக்குதா?"

"கேக்குதுடா" என்றாள். "பேசு. நீ பாட்டுக்குப் பேசு."